பட்டுச்சேலை சிமுலேஷன்: ரப்பர் மாதிரி இழுபடுது, ஸ்டிஃப்னஸ் ஏத்துனா வெடிக்குது

1. தறிவீட்டுப்பையன் (அம்மாபேட்டை)

வணக்கம்ங்க எல்லாருக்கும். வீடு சேலம் அம்மாபேட்டை, அப்பா தாத்தா எல்லாம் பட்டுத்தறி, நான் படிச்சுட்டு 3டி பக்கம் வந்துட்டேன். இளம்பிள்ளைல ஒரு ஜவுளிக்கடைக்காரர் சேலை கேட்டலாக் மொத்தத்தையும் 3டில பண்ணித் தரச் சொல்லியிருக்கார், ஒவ்வொரு சேலைக்கும் ஆள் வெச்சுக் கட்டி போட்டோ எடுக்கறதுக்கு பதிலா ஒரு தடவை கட்டி வெச்சுட்டு டிசைனை மட்டும் மாத்தி மாத்தி ரெண்டர் எடுத்துக்கலாம்னு பிளான். பிளெண்டர்ங்கற 3டி சாஃப்ட்வேர்ல கிளாத் சிமுலேஷன் (துணி எப்படி விழும்னு கம்ப்யூட்டரே கணக்குப் போடுறது) போட்டுப் பாக்குறேன், படம் பளபளன்னு வருது ஆனா அது பட்டு இல்லைங்க. தோள்ல இருந்து தொங்குற முந்தி கீழ இறங்கிக்கிட்டே போகுது, ரப்பர் ஷீட் மாதிரி நீளுது. சரின்னு டென்ஷன் ஸ்டிஃப்னஸை (இழுத்தா நீளாம நிக்கற கெட்டி) ஏத்துனா துணி நடுங்க ஆரம்பிச்சு கொசுவத்துல இருந்து அப்படியே வெடிச்சுச் சிதறுது. மெஷ்ஷை (துணியைப் பிரிக்கற கட்ட வலை) நைஸ் பண்ணா நல்லா வரும்னு ஒருத்தர் சொன்னாரு, நைஸ் பண்ணப் பண்ண இன்னும் மோசமா இழுபடுது.

இன்னொரு விஷயம், எனக்கு இதுதான் ரொம்ப உறுத்துது. ஜரிகைக் கரையும் சேலையோட உடம்பும் (நடுப்பகுதி) ஒரே மாதிரி மடங்குது. நம்ம ஊர்ல சேலை கட்டுற யார்கிட்ட காட்டினாலும் ஒரே பார்வையில இது பொய்னு சொல்லிருவாங்க. எதை மாத்தணும்?

2. ஏற்காடு_சில்வர்ஓக்

தம்பி, நான் கேம் பிசிக்ஸ் வேலை பாக்குறவன். மூணு எண் சொல்லுங்க. சேலையோட அளவு, மெஷ் எத்தனை வெர்டெக்ஸ் (கட்டக் கோடுகள் வெட்டிக்கற புள்ளி), வெர்டெக்ஸ் மாஸ்னு ஒரு கட்டம் இருக்குமே அதுல என்ன போட்டிருக்கீங்க?

3. தறிவீட்டுப்பையன்

அண்ணே, நீளம் 5.5 மீட்டர், அகலம் 1.2 மீட்டர். 1 சென்டிமீட்டருக்கு ஒரு கட்டம், அப்படின்னா சுமார் 66,000 வெர்டெக்ஸ். மாஸ் டிஃபால்ட்டா இருந்த 0.3 அப்படியே இருக்கு, தொடவே இல்லை.

4. ஏற்காடு_சில்வர்ஓக்

அங்கதான் இருக்கு. அந்த 0.3 கிலோங்கறது மொத்தத் துணிக்கு இல்லை, ஒவ்வொரு வெர்டெக்ஸுக்கும். 66,000 தடவை 0.3 போட்டா 19,800 கிலோ. உங்க சேலை கிட்டத்தட்ட 20 டன். மெஷ்ஷை நைஸ் பண்ணப் பண்ண ஏன் மோசமாச்சுன்னு இப்ப தெரியுதா, கட்டத்தைப் பாதியாக்கினா வெர்டெக்ஸ் நாலு மடங்கு, எடையும் நாலு மடங்கு.

நிஜ சேலை 660 கிராம்னு வெச்சுக்குவோம், கணக்குக்கு வசதியா இருக்கும். பரப்பு 6.6 சதுர மீட்டர், அப்ப ஒரு சதுர மீட்டருக்கு 100 கிராம். 1 மீட்டர் நீளம் தொங்குற ஒரு 1 சென்டிமீட்டர் பட்டையோட எடை 1 கிராம்தான். உங்க மெஷ்ல அதே பட்டையில 100 வெர்டெக்ஸ், ஆளுக்கு 0.3 கிலோ, மேல இருக்குற ஒத்தை ஸ்பிரிங் 30 கிலோவைத் தாங்கணும். நீளாம என்ன செய்யும்.

இன்னொண்ணு, இங்க தனித்தனி எண்ணை விட எடைக்கும் ஸ்டிஃப்னஸுக்கும் இருக்குற விகிதம்தான் முக்கியம். ரெண்டையும், கூட டேம்பிங்கையும் (ஆட்டத்தை அடக்கற அளவு) ஏர் விஸ்காசிட்டியையும் (காத்தோட தடை) சேத்து, ஒரே மடங்கு ஏத்தினா துணியோட அசைவு மாறவே மாறாது. அதனால டென்ஷன் 15 சரியா 150 சரியான்னு யாராவது தனியா சொன்னா அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை, எடை என்ன, கட்டம் எவ்வளவுன்னு சேத்துச் சொன்னாத்தான் அது ஒரு அளவு.

5. குகை_மெக்கானிக்கல்

எடைக் கணக்கு சரி. ஆனா "ஏத்துனா வெடிக்குது"ங்கறதுக்கு அது மட்டும் காரணம் இல்லை, அதை ஒழுங்காப் புரிஞ்சுக்கணும், ஏன்னா இந்தத் துறையே அந்தப் பிரச்சினையைச் சுத்தித்தான் வளர்ந்துச்சு. நான் ஃபேக்டரில எஃப்இஎம் (பொருளைச் சின்னச் சின்னத் துண்டாப் பிரிச்சு விசை கணக்குப் போடுற முறை) போடுற ஆள், துணி என் தொழில் இல்லை, ஆனா கணிதம் ஒண்ணுதான்.

ஹூக் 1678ல சொன்னது எளிமையானது, எவ்வளவு இழுபடுதோ அவ்வளவு விசை. துணியைப் புள்ளிகளாப் பிரிச்சு நடுவுல ஸ்பிரிங் போட்டு காலத்தைச் சின்னச் சின்ன அடியா நகர்த்தினா சிமுலேஷன். ஆனா இப்ப இருக்குற நிலையை மட்டும் பாத்து அடுத்த நிலைக்குத் தாவுற எக்ஸ்ப்ளிசிட் முறையில அந்த அடி பெருசாயிருச்சுன்னா ஸ்பிரிங் திரும்பி வரும்போது சமநிலையைத் தாண்டிப் போகும், அடுத்த அடியில இன்னும் அதிகமாத் தாண்டும், அப்படியே பெருகிக்கிட்டே போய் வெடிக்கும். ஒரு முனை கட்டின ஒத்தை ஸ்பிரிங்குக்கு எல்லை என்னன்னா, மாஸை ஸ்டிஃப்னஸால வகுத்து, அதுக்கு வர்க்கமூலம் எடுத்து, அதோட ரெண்டு மடங்கு. அதுக்கு மேல ஒரு அடி போனா காலி.

எண் போட்டுப் பாருங்க. கட்டம் 5 மில்லிமீட்டர்னா, சதுர மீட்டருக்கு 100 கிராம் துணியில ஒரு புள்ளியோட எடை 2.5 மில்லிகிராம். ஸ்பிரிங் மீட்டருக்கு 1000 நியூட்டன்னு எடுத்தா எல்லை ஒரு வினாடியில பத்தாயிரத்துல ஒரு பங்கு. வினாடிக்கு 24 ஃபிரேம்னா ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 400க்கு மேல அடி வைக்கணும், அதுவும் ஒரு புள்ளியில பல ஸ்பிரிங் சேர்றதால நிஜத்துல இன்னும் கூட. கட்டத்தைப் பாதியாக்கினா புள்ளி நாலு மடங்கு, அடியும் பாதி, ஆக வேலை எட்டு மடங்கு.

துணிக்கு இது ஏன் இவ்வளவு தொல்லைன்னா, இழுத்தா ரொம்பக் கெட்டி, மடக்கினா ரொம்ப இளக்கம். கண்ணுக்குத் தெரியறது எல்லாம் மடிப்போட அசைவுதான், ஆனா அடியோட அளவைத் தீர்மானிக்கறது கண்ணுக்கே தெரியாத அந்த இழுவைக் கெட்டி. டெர்சோபௌலோஸும் கூட்டாளிகளும் 1987 சிக்கிராஃப் கிராஃபிக்ஸ் மாநாட்டுல எலாஸ்டிசிட்டி சமன்பாட்டையே கிராஃபிக்ஸுக்குள்ள கொண்டு வந்தாங்க, 1998ல பாராஃபும் விட்கினும் இம்ப்ளிசிட் முறையில துணியைத் தீர்த்துக் காட்டினாங்க, அதாவது அடி வெச்சு முடிக்கப் போற இடத்துல இருக்குற விசையைக் கணக்குல எடுத்து ஒரு பெரிய சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்க்கறது. அதுக்கப்புறம்தான் பெரிய அடி வெச்சாலும் துணி தாங்க ஆரம்பிச்சுது. பிளெண்டர் உள்ளயும் இம்ப்ளிசிட்தான்.

ஆனா இதுக்கு ஒரு விலை உண்டு, அந்த முறை அசைவோட சக்தியைத் தானாவே தின்னுரும். பெரிய அடி வெச்சா வெடிக்காது, ஆனா முந்தி காத்துல ஆடுறது மந்தமாயிரும். குவாலிட்டி ஸ்டெப்ஸை (ஒரு ஃபிரேமுக்கு எத்தனை அடி) ஏத்துனா துணிக்கு உயிர் வர்றது அதனாலதான். இன்னும் வெடிக்குதுன்னா எனக்கு மோதல் மேலதான் சந்தேகம், செல்ஃப் கொலிஷன் தூரம் (துணி தன் மேலயே மோதாம தள்ளி நிக்கற தூரம்) என்னன்னு பாருங்க.

6. பொன்னம்மாபேட்டை_அக்கா

கம்ப்யூட்டர் எனக்குத் தெரியாதுங்க, எங்க வீட்டுக்காரரும் நானும் தறி ஓட்டறவங்க, பையன் இந்த இழையைக் காட்டி நீ சொல்லும்மான்னான். நீங்க துணின்னு பொதுவாப் பேசறீங்க, அதான் சொல்லத் தோணுது.

சேலையில பாவு நீளவாட்டுல ஓடும், ஊடை அகலவாட்டுல ஓடும். பாவு வாட்டத்துலயோ ஊடை வாட்டத்துலயோ பிடிச்சு இழுத்துப் பாருங்க, வராது. மூலைக்கு மூலை பிடிச்சு இழுங்க, கூட வரும், ஏன்னா அங்க நூல் நீளலை, கட்டம் சாயுது. பட்டு உடம்புல படிஞ்சு விழறதே அந்தச் சாய்வாலதான். அந்தத் தம்பி டென்ஷனை ஏத்துறேன் ஏத்துறேன்னு எல்லாத்தையும் ஒண்ணா ஏத்தினா துணி அட்டையாயிரும்.

அப்புறம் ஜரிகை. சாதாரணக் கரையில ஜரிகை பாவோட ஓடும், முந்தில ஊடையோட ஓடும். இப்ப கொசுவம் எப்படி வைக்கறோம், நீளத்தை மடிச்சு மடிச்சு வைக்கறோம், அப்ப ஒவ்வொரு மடிப்பும் கரையில ஓடுற ஜரிகையை முறிச்சுத்தான் போகுது. தோள்ல முந்தியை மடிப்பு எடுத்துக் குத்தும்போது அகலத்தை மடிக்கறோம், அங்க ஊடையில இருக்குற ஜரிகை முறியுது. எங்கெல்லாம் மடிக்கறோமோ அங்கெல்லாம் ஜரிகை மடியமாட்டேன்னு நிக்குது. புதுச்சேலைல கொசுவத்துக்கு அடியில கரை விரிஞ்சு நிக்கறது அதனாலதான். அது தெரியலைன்னா பட்டுச்சேலை படம் எடுத்து என்ன பிரயோஜனம்.

7. குகை_மெக்கானிக்கல்

அக்கா, நீங்க சொன்னதுதான் இந்த இழையிலயே முக்கியமான விஷயம். எங்க பாஷையில இதுக்கு ஆர்த்தோட்ரோபிக்னு பேரு, ரெண்டு திசைக்கு ரெண்டு குணம், சாய்வுக்குத் தனியா இன்னொரு குணம். 1994லயே பிரீன், ஹவுஸ், வோஸ்னி மூணு பேரும் பாவும் ஊடையும் வெட்டிக்கற இடத்துல ஒரு துகள் வெச்சு, இழுவை, சாய்வு, மடிப்பு மூணுக்கும் தனித்தனி ஆற்றல் எழுதி, ஜப்பான்ல கவாபாத்தா உண்டாக்கின துணிச் சோதனைக் கருவில அளந்த எண்ணை உள்ள போட்டாங்க. அடுத்த வருஷம் பிரோவோ ஸ்பிரிங்கை மூணு வகையாப் பிரிச்சு, ஒரு அளவுக்கு மேல நீண்ட ஸ்பிரிங்கை வலுக்கட்டாயமா இழுத்துப் பழைய நீளத்துக்கிட்ட கொண்டு வர்ற வழியையும் காட்டினார்.

தம்பி, பிளெண்டர்ல பாவுக்கு ஒண்ணு ஊடைக்கு ஒண்ணுன்னு டென்ஷன் எண் கிடையாது. மார்வெலஸ் டிசைனர்ங்கற துணி சாஃப்ட்வேர்ல ஸ்ட்ரெச் (இழுவை), பெண்டிங் (மடிப்பு) ரெண்டுமே வார்ப் (பாவு), வெஃப்ட் (ஊடை)னு தனியா இருக்கு, முடிஞ்சா அதுல பண்றது மேல். பிளெண்டர்லயே பண்றதா இருந்தா ரெண்டு விஷயம். மெஷ் கட்டங்கள் பாவு ஊடை வாட்டத்துலயே நேரா ஓடணும், முக்கோணமா உடைச்சிராதீங்க. ஸ்பிரிங் எந்தத் திசையில இருக்கோ அந்தத் திசையிலதான் துணி கெட்டியா இருக்கும், மெஷ்ஷைச் சாய்ச்சு வெச்சா பாவே சாய்ஞ்ச மாதிரி ஆயிரும். ஸ்பிரிங் முறையில எனக்குப் பிடிக்காததும் அதான், துணியோட குணம் மெஷ்ஷைப் பொறுத்து மாறுது. ரெண்டாவது, பிராப்பர்ட்டி வெயிட்ஸ்னு ஒரு பகுதி இருக்கு, அதுல பெண்டிங் குரூப்புக்குக் கரையையும் முந்தியையும் வெயிட் பெயிண்ட் பண்ணி அங்க மட்டும் மேக்ஸ் பெண்டிங்கை ஏத்துங்க. திசை வித்தியாசம் வராது, ஆனா கரை கரையா நிக்கும்.

8. ஏற்காடு_சில்வர்ஓக்

மெஷ்ஷைப் பொறுத்து மாறுதுன்னு ஸ்பிரிங்கை ஒதுக்கிற வேண்டாம் சார். நாளைக்கு அந்தக் கடைக்காரர் வெப்சைட்லயே சேலையைத் திருப்பிப் பாக்கணும்னு கேட்டா எஃப்இஎம் போட்டு போன்ல ஓட்ட முடியுமா? கேம் பக்கம் நாங்க வந்த வழி வேற. யாகப்சன் 2001ல சொன்னது, வேகத்தையே தனியா வெச்சுக்காதே, இப்ப இருக்குற இடமும் அதுக்கு முன்னாடி இருந்த இடமும் போதும், நீளம் தப்பா இருந்தா புள்ளியை நேரா நகர்த்திச் சரி பண்ணு. அதையே 2006ல ம்யூல்லர் குழு பொசிஷன் பேஸ்டு டைனமிக்ஸ்னு ஒழுங்கு பண்ணாங்க. அது சுலபத்துல வெடிக்காது. ஆனா எத்தனை சுத்து சரி பண்றோமோ அதைப் பொறுத்து துணியோட கெட்டி மாறும், அது பெரிய குறை. 2016ல மேக்லின், ம்யூல்லர், சென்டனெஸ் மூணு பேரும் அதோட அடுத்த வடிவமான எக்ஸ்பிபிடில ஸ்டிஃப்னஸுக்குத் தலைகீழான கம்ப்ளையன்ஸ்னு ஒண்ணை உள்ள வெச்சு அதைத் தீர்த்தாங்க, அதனால இப்ப நிஜ அளவை உள்ள போடலாம். ஹௌடினி சாஃப்ட்வேர்ல வெல்லம்னு இருக்கறது இதே எக்ஸ்பிபிடிதான்.

சேலை மாதிரி நீளமான துணியில ஒரு தனிப் பிரச்சினை இருக்கு. ஒரு சுத்துல திருத்தம் பக்கத்துப் புள்ளிகளோட நின்னுக்கும், தோள்ல இருக்குற பின் முந்தியோட நுனியைப் பிடிச்சு நிறுத்தணும்னா அந்தச் செய்தி நூறு கட்டம் தாண்டிப் போகணும். அதான் இந்த முறையில எடை சரியா இருந்தாலும் மெஷ் நைஸா இருந்தா இழுபடுது. 2019ல மேக்லின் குழு காட்டினது என்னன்னா, ஒரு பெரிய அடியில இருபது சுத்து சரி பண்றதை விட அதே அடியை இருபதாப் பிரிச்சு ஒவ்வொண்ணுலயும் ஒரே சுத்து சரி பண்ணா துணி நிறையக் கெட்டியா வருது, கணக்கு வேலை கிட்டத்தட்ட அதேதான். எனக்கு வேலையில இதைவிட உபயோகமான ஒரு மாற்றம் கிடைச்சதே இல்லை.

9. தறிவீட்டுப்பையன்

அக்கா சொன்னதை அப்பாகிட்ட காட்டினேன், அவரு ஒரு புதுச்சேலையை எடுத்து விரிச்சு மூலைக்கு மூலை இழுத்துக் காட்டினாரு. சின்ன வயசுல இருந்து பாத்ததுதான், ஆனா இதை ஒரு எண்ணா யோசிச்சதே இல்லைங்க.

சரி, எண் வேணும்னா அந்த ஜப்பான் கருவிக்கு நான் எங்க போறது? சாஃப்ட்வேர்ல சில்க்னு ஒரு பிரீசெட் இருக்கு, அது எந்தப் பட்டோ யாரு கண்டா. நம்ம வெண்பட்டு வேட்டியும் முகூர்த்தச் சேலையும் ஒரே பட்டா?

10. குகை_மெக்கானிக்கல்

கருவி வேண்டாம். அட்டை, ஸ்கேல், கிராம் தராசு போதும். பியர்ஸ்னு ஒரு ஜவுளி ஆராய்ச்சியாளர் 1930ல எழுதின முறை, இன்னைக்கும் லேப்ல இதுதான் அடிப்படை.

துணியில 2.5 சென்டிமீட்டர் அகலத்துக்கு நீளமா ஒரு பட்டை வெட்டிக்கோங்க. சேலையை வெட்ட வேண்டாம், தறியில மிச்சம் வர்ற துண்டே போதும். மேசை விளிம்புல இருந்து கீழ் நோக்கி 41.5 டிகிரி சாய்வா ஒரு அட்டையை நிறுத்துங்க. பட்டையை மேசை மேல வெச்சு, மேல ஸ்கேலை வெச்சு, மெதுவா வெளிய தள்ளுங்க. நுனி தொங்கி அந்தச் சாய்வு அட்டையைத் தொடுற இடத்துல நிறுத்துங்க. எவ்வளவு நீளம் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கோ அதுல பாதிதான் வளைவு நீளம். அதோட கனத்தை (அதே எண்ணை மூணு தடவை பெருக்கினது) சதுர மீட்டர் எடையாலயும் 9.81ஆலயும் பெருக்கினா மடிப்புக் கெட்டி.

உதாரணத்துக்கு உடம்புத் துண்டு 5 சென்டிமீட்டர் நீட்டினப்ப தொட்டுச்சுன்னா பாதி 0.025 மீட்டர், சதுர மீட்டருக்கு 0.1 கிலோ, கெட்டி சுமார் 0.000015 நியூட்டன் மீட்டர். ஜரிகைத் துண்டு 8 சென்டிமீட்டர் நீட்டின அப்புறம்தான் தொடுது, எடையும் ரெண்டு மடங்குன்னு வெச்சா 0.000126. எட்டு மடங்கு வித்தியாசம். அகலத்துல மூணு சென்டிமீட்டர் கூடினது கெட்டில இவ்வளவு ஏறுது, ஏன்னா அந்தக் கனம், கூட ரெண்டு மடங்கு எடை. கரைக்கும் உடம்புக்கும் ஒரே எண் போடுற கேட்டலாக் எல்லாம் ஏன் பொய்யாத் தெரியுதுன்னா இதான்.

பாவு வாட்டம், ஊடை வாட்டம், கரை, முந்தி, எல்லாத்துலயும் தனித்தனியா எடுங்க. நல்ல பக்கம் மேல, கெட்ட பக்கம் மேலன்னு ரெண்டும் பாத்து சராசரி எடுங்க.

11. ஏற்காடு_சில்வர்ஓக்

சார் அகலம்னு எழுதிட்டீங்க, நீட்டின நீளம்னு இருக்கணும். ஆனா முறை அருமை. ஒண்ணு மட்டும் சேத்துக்கறேன், ஈரப்பதம். பட்டு சாதாரணக் காத்துல இருந்தே தன் காய்ஞ்ச எடையில சுமார் 11 சதவீதம் ஈரத்தை இழுத்து வெச்சுக்கும். இங்க மேல ஏற்காட்டுல மழை நாள்ல பனி வீட்டுக்குள்ள வரும், அந்த நேரத்துல துணி தொட்டாலே தளதளன்னு இருக்கும், அதே துணி சித்திரை மாசத்துல சேலம் ஜங்ஷன்ல வேற துணி. இந்திய ஜவுளிச் சோதனைக்கு 27 டிகிரி, 65 சதவீத ஈரப்பதம்னு வெச்சிருக்காங்க, அது கிடைக்காட்டியும் பரவாயில்லை, எல்லாத் துண்டையும் ஒரே நாள்ல ஒரே ரூம்ல அளந்துருங்க. கஞ்சி போட்டது போடாததுன்னு கலக்க வேண்டாம்.

அப்புறம் தம்பி, அந்த 0.000015ஐ அப்படியே பிளெண்டர் பெண்டிங் கட்டத்துல தட்டாதீங்க, அந்தக் கட்டத்தோட எண் அந்த அலகுல இல்லை. இப்படிப் பண்ணுங்க. சேலையை விட்டுருங்க. பிளெண்டர்ல அதே 2.5 சென்டிமீட்டர் பட்டையைச் செய்ங்க, சேலைல வைக்கப்போற அதே கட்ட அளவுல, ஒரு முனையைப் பின் பண்ணிட்டு மேசைல அளந்த நீளத்தைத் தொங்க விடுங்க. நுனி 41.5 டிகிரில வந்து நிக்கற வரைக்கும் பெண்டிங்கை மாத்துங்க. உடம்புக்கு ஒரு எண், கரைக்கு ஒரு எண் கிடைக்கும். சாய்வுக்கு மூலைவாட்டுல வெட்டின பட்டையில சின்ன எடை கட்டி எவ்வளவு நீளுதுன்னு பாத்து, அதே மாதிரி சிமுலேஷன்லயும் நீள வைங்க. மெஷ்ஷைப் பொறுத்து மாறுதுங்கற சாரோட குறையும் இதுல அடங்கிரும், ஏன்னா அந்த மெஷ்லயே அளந்துட்டோம். கட்டத்தை மாத்தினா திரும்ப அளக்கணும், அவ்வளவுதான்.

12. குகை_மெக்கானிக்கல்

ஆமா, நீட்டின நீளம்தான். முறையும் ஒத்துக்கறேன். பட்டை சரியா வந்தப்புறம் ஒரு இடைப்பட்ட சோதனையும் வைங்க. 30 சென்டிமீட்டர் விட்டத்துல வட்டமா துணியை வெட்டி 18 சென்டிமீட்டர் தட்டு மேல போட்டா ஓரம் அலை அலையாத் தொங்கும், குசிக் டிரேப் சோதனைன்னு சொல்லுவாங்க. மேல இருந்து போட்டோ எடுத்து, சிமுலேஷன்லயும் அதே கோணத்துல எடுத்து, அலை எத்தனை, நிழல் எவ்வளவு பரப்புன்னு ஒப்பிடுங்க. இழுவை, சாய்வு, மடிப்பு மூணும் சேந்து வேலை செய்றது அங்க தெரிஞ்சுரும். ஒவ்வொரு தடவையும் அதே இடத்துல அலை வராது, நிஜத் துணியிலயும் வராது, எண்ணிக்கையும் பரப்பும் கிட்டத்துல இருந்தாப் போதும்.

13. தறிவீட்டுப்பையன்

பட்டைச் சோதனை பண்ணியாச்சுங்க. கரைத் துண்டு உடம்பை விட ரொம்ப நீட்டின அப்புறம்தான் தொட்டுச்சு, அப்பாவே பக்கத்துல உக்காந்து ஸ்கேலைப் பிடிச்சாரு. எடையையும் விகிதத்தையும் சரி பண்ணினதும் முந்தி இழுபடறது நின்னுருச்சு. கரை இப்ப விறைப்பா நிக்குது, பாத்ததும் அம்மா இது நம்ம சேலைன்னாங்க.

மிச்சம் இருக்கறது கொசுவம். ஏழு மடிப்பு வெச்சு இடுப்புல செருகினா மடிப்பெல்லாம் ஒண்ணையொண்ணு தள்ளிக்கிட்டு துடிக்குது, இடுப்பு உப்பிப்போய் நிக்குது. செல்ஃப் கொலிஷன் தூரம் 0.015ன்னு இருக்கு.

14. ஏற்காடு_சில்வர்ஓக்

0.015னா 15 மில்லிமீட்டர். ஏழு மடிப்புன்னா ஒவ்வொரு மடிப்புலயும் ரெண்டு பொரை (அடுக்கு), மொத்தம் பதினாலு பொரை, ஒவ்வொண்ணும் அடுத்ததுல இருந்து 15 மில்லிமீட்டர் தள்ளி நிக்கப் பாக்குது, இடுப்புல கிட்டத்தட்ட 20 சென்டிமீட்டர் கனம். அதுவும் உங்க கட்டமே 10 மில்லிமீட்டர், தள்ளுற தூரம் கட்டத்தை விடப் பெருசா இருந்தா துணி தன்னையே தள்ளும். அந்த வெடிப்புல பாதி இங்க இருந்துதான் வந்திருக்கும். தூரத்தை 0.001 வரைக்கும் இறக்குங்க, அதுக்குக் கீழ அந்தக் கட்டம் போகாது. அதுவும் பத்தலைன்னா காட்சி மொத்தத்தையும் 10 மடங்கு பெருசாக்கிட்டு கிராவிட்டியையும் 10 மடங்கு ஆக்குங்க, கிராவிட்டியை மறந்தா எல்லாம் மெதுவா விழும். அளவு மாறினதால பட்டைச் சோதனையைத் திரும்ப ஒரு தடவை ஓட்டிருங்க.

தூரம் இவ்வளவு சின்னதானதும் ஸ்டெப்பை ஏத்தணும், இல்லைன்னா ஒரு அடியில ஒரு பொரை இன்னொண்ணுக்குள்ள புகுந்து வெளிய வந்துரும், அப்புறம் பிரிக்கவே முடியாது. கொசுவத்தைச் சிமுலேஷன் கையில விடாதீங்க, கிராவிட்டியை அணைச்சுட்டு மடிப்பை நீங்களே மாடல் பண்ணி, இடுப்பு வரிசையை மட்டும் பின் குரூப்ல (நகராம பிடிச்சு வைக்கற புள்ளிகள்) போட்டு, அப்புறம் கிராவிட்டியை ஃபிரேம் ஃபிரேமா ஏத்துங்க.

15. பொன்னம்மாபேட்டை_அக்கா

தம்பி, மடிப்பு மாடல் பண்ணும்போது எல்லா மடிப்பும் ஒரே அகலமா வைக்காதீங்க. முதல் மடிப்பு கொஞ்சம் அகலமா இருக்கும், அதுதான் வெளிய தெரியும், உள்ள போகப் போக அரை விரக்கடை குறைச்சு வைப்போம். செருகற இடத்துல இடது பக்கம் பாத்துத் திரும்பி நிக்கணும். அடியில கரை எல்லாம் ஒரே மட்டத்துல தரையைத் தொட்டும் தொடாமலும் வரணும், அதை முதல்ல பிடிச்சு நிறுத்திட்டு அப்புறம் மேல செருகுங்க.